அருவிக்கரையில் சாப்பிட்ட சோறு

பச்சைமலை,
23.11.2004

அன்பு மகள் வளர்மதிக்கு அம்மா எழுதுவது. ஜபல்பூர் குளிரில் நீயும் மாப்பிள்ளையும் பேரன் கதிரும் சளி காய்ச்சல் இல்லாமல் இருக்கிறீர்களா? இங்கே நானும் உன் அப்பாவும் தம்பி ரஞ்சித்தும் ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம். குறை என்ன குறை, இரண்டு நாளாக எனக்குக் கால் தரையில் பாவவில்லை. காரணத்தை முதல் வரியிலேயே சொல்லிவிட்டால் மீதியை நீ படிக்கமாட்டாய், எனக்குத் தெரியாதா உன்னை, பொறுமையாகப் படி.

நாங்கள் இந்த மலைக்குக் குடி வந்து இரண்டு வருடம் ஆகப்போகிறது. ரஞ்சித்துக்கு இங்கே வாத்தியார் வேலை கிடைத்தபோது பாடாலூரில் பேசாத பேச்சு உண்டா? கரடி தூக்கிக்கொண்டு போகும் என்றார்கள், உப்பு வாங்கக்கூட இறங்கி வரணும் என்றார்கள். அந்த ரோட்டோரத்தில் அத்தனை காலம் குடியிருந்து லாரி ஹாரனைத் தவிர நாம் என்ன கண்டோம், நீயே சொல். ஞாயிற்றுக்கிழமை என்றால் துணி துவைப்பேன், அரிசி புடைப்பேன், அவ்வளவுதான். இங்கே வந்த பிறகுதான் உன் தம்பி, ஏம்மா வூட்டுக்குள்ளயே கெடக்குற, கெளம்பு என்று மாதம் ஒரு இடமாகக் கூட்டிப் போகிறான். ரஞ்சன்குடிக் கோட்டை பார்த்தாயிற்று. கங்கைகொண்ட சோழபுரத்தில் அந்தப் பெரிய நந்திக்கு முன்னால் உன் அப்பா பிளந்த வாயை மீன்சுருட்டி வந்து பஸ் ஏறும்வரை மூடவில்லை. சாத்தனூரில் கல்லாகிப் போன மரம் ஒன்று கிடக்கிறது, அதைத் தட்டித் தட்டிப் பார்த்துவிட்டு, இத வெட்டி அடுப்புல வெக்க முடியாதே காத்தாயி என்று வருத்தப்படுகிறார், இந்த மனுசனை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய.

ஆனால் தம்பிக்குப் பெண் பார்க்கும் பேச்சு எடுத்தால் இந்தச் சந்தோஷமெல்லாம் புஸ்ஸென்று இறங்கிவிடும். வருகிறவர்களுக்கெல்லாம் பையனைப் பிடிக்கிறது, மலையைப் பிடிக்கவில்லை. ரோடு போட்டு ஜீப் வருகிறது என்று சொன்னாலும் காதில் ஏறுவதில்லை. பிரசவ வலி எடுத்தால் பெண்ணைத் தூளி கட்டித்தான் இறக்குவீங்களா என்று ஒருத்தர் முகத்துக்கு நேரே கேட்டார். கீழ மாத்தல் கேட்டுப் போயிடட்டுமாம்மா என்று உன் தம்பி ஒருநாள் கேட்டான். அவனுக்கு இந்தப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் என்றால் உயிர், அவனே அப்படிக் கேட்டுவிட்டான்.

அந்த நேரத்தில்தான் எறையூர் முத்துசாமி வீட்டுச் சம்பந்தம் வந்தது. பெண் சத்யப்பிரியா டீச்சர் டிரெயினிங் முடித்தவள், மூக்கும் முழியுமாக இருக்கிறாள். நாங்கள் போய்ப் பார்த்தபோது, எனக்குப் புடிச்சிருக்குங்க என்று அவளே வாய்விட்டுச் சொன்னாள். அவள் அப்பாதான் பிடி கொடுக்காமல் இழுத்துக்கொண்டே இருந்தார். கடைசியில் போன ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை வீடு பார்க்க அவரும், அவர் சம்சாரம் சின்னம்மாளும், அவர் அண்ணன் அரியமுத்துவும் வந்தார்கள். மலை வளைவில் ஜீப் திரும்பத் திரும்ப அந்தச் சின்னம்மாளுக்கு ஒரே வாந்தி. கூட்டி வரப் போயிருந்த ரஞ்சித்தான் வண்டியை நிறுத்தி, முகம் கழுவத் தண்ணீர் கொடுத்து, முன் சீட்டில் உட்காரவைத்து மெதுவாகக் கொண்டு வந்து சேர்த்தான்.

நான் விடியும் முன்பே எழுந்து நாட்டுக்கோழி அடித்துக் குழம்பு வைத்திருந்தேன். பேசி முடியாத வீட்டில் பெண் வீட்டார் கை நனைக்கமாட்டார்கள், சாப்பிட்டால் சம்மதம் என்று ஆகிவிடும், நீ அறியாததா? அரியமுத்து கூரையைப் பார்த்தார், கிணற்றைப் பார்த்தார், பஸ் எத்தனை தரம் வருமென்று கேட்டார். காபியை நீட்டினேன், அதெல்லாம் அப்பறம் பாத்துக்கலாங்க, யோசிச்சு சொல்லி அனுப்புறோம் என்று எழுந்துவிட்டார். யோசித்துச் சொல்கிறோம் என்றால் என்ன அர்த்தம்? உன் தம்பி முகம் சுண்டிப்போயிற்று. எனக்கு வந்த ஆத்திரத்தில், வந்தது வந்தீங்க, எங்க அருவியயாச்சும் பாத்துட்டுப் போங்க என்று சொல்லிவிட்டுச் சோற்றையும் குழம்பையும் தூக்கி ஜீப்பில் வைத்தேன்.

ஐப்பசி மழையில் அருவி கொட்டு கொட்டென்று கொட்டுகிறது வளரு. ஆம்பிளைகள் வேட்டியை மடித்துக்கொண்டு பாறைமேல் நின்றார்கள். ரஞ்சித் என்னை மாதம் ஒரு இடமாகக் கூட்டிப் போவதைச் சின்னம்மாளிடம் ஜீப்பிலேயே சொல்லியிருந்தேன், இப்போது அவள் கையைப் பிடித்துத் தண்ணீருக்குள் இழுத்தேன். முதலில் ஐயய்யோ என்று கத்தினவள், பிறகு சிரித்தாள் பார், அப்படி ஒரு சிரிப்பு. முத்துசாமி போதும் வா வா என்று கூப்பிடுகிறார், அவள் காதிலேயே வாங்கவில்லை. ஒருவழியாகக் கரையேறி நான் குழம்புச் சட்டியைத் திறந்தேன். இது எங்களுக்குக் கொண்டாந்தது, நீங்க வெரதம் இருங்க என்று அரியமுத்து காதில் விழும்படிதான் சொன்னேன். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அப்போது சின்னம்மாள் தலையில் தண்ணீர் சொட்டச் சொட்ட வந்து, ஒரு இலையை இழுத்துப் போட்டு என் முன்னால் உட்கார்ந்தாள். ஏம்மா, இன்னும் பேசி முடிக்கல, என்னா பண்ற நீ என்று அரியமுத்து அதட்டினார். நான் பேசி முடிச்சிட்டேன் மாமா என்றாள். பிறகு புருஷனைப் பார்த்து, உங்களக் கட்டிக்கிட்டு வந்த நாளா வூட்டையும் கரும்புக் கொல்லையையும் தவிர நான் எதப் பாத்தேன், இவங்க வூட்டு ஆம்பளைங்க பொம்பளைய அருவிக்கு அழைச்சிட்டு வராங்க, வாந்தி எடுத்தா தண்ணி குடுக்குறாங்க, எம்பொண்ணு இங்கதான் வாழணும் என்றாள். சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பி, சோத்தப் போடுங்க சம்பந்தி என்றாள். நான் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுப் பொலபொலவென்று அழுதுவிட்டேன். உன் அப்பாதான் பரிமாறினார்.

முத்துசாமி, அவளே உக்காந்துட்டா, இனி நான் நின்னு என்னா பண்ண என்று வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். அரியமுத்து, காட்டுல தின்னது கணக்குல வராது என்று சொல்லிக்கொண்டேதான் இலை போட்டார். மூன்றாம் தரம் குழம்பு ஊற்றும்போது, ஈரல் கெடக்குதா பாருங்க என்றார். இப்போது சொல்லு, யார் ஜெயித்தது?

நிச்சயம் கார்த்திகைக்குள், கல்யாணம் தையில். தேதி குறித்ததும் எழுதுகிறேன், மாப்பிள்ளையை இப்போதே லீவு சொல்லி வைக்கச் சொல், நீ இல்லாமல் நாத்தனார் முடிச்சை யார் போடுவது? கதிருக்குக் குளிரில் காதை மூடிக் கட்டு. உங்கள் மூவருக்கும் குலசாமி துணை இருக்கட்டும், எங்கள் ஆசி எப்போதும் உண்டு.

இன்னொன்று. ஜபல்பூர் பக்கத்தில் நர்மதையில் பெரிய அருவி இருக்கிறதாமே, ரஞ்சித் சொன்னான். நீ அந்த ஊருக்குப் போய் ஏழு வருடம் ஆகிறது, ஒரு தரம்கூட அதைப் பார்த்ததாக எழுதவில்லை. மாப்பிள்ளை கேட்டால் அம்மா சொன்னாள் என்று சொல். இந்த ஞாயிற்றுக்கிழமையே சோறு கட்டிக்கொண்டு கிளம்பு.

இப்படிக்கு,
உன் அம்மா
த. காத்தாயி