பார்க்காமல் எழுதிய படம்

மயிலாப்பூர்,
10.10.1976, ஞாயிறு மாலை.

அன்பு மகள் ஜோனுக்கு,

தாளின் தலையில் சிலுவை போட்டுவிட்டு அரை மணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். உறையின் மேல் என் கையெழுத்தைப் பார்த்ததும் கிழித்துப் போடாமல் இந்த வரி வரை வந்திருக்கிறாய் என்றால் அதற்கே மாதாவுக்கு நன்றி. மதுரையும் விடுதிச் சாப்பாடும் உனக்கு ஒத்துக்கொண்டதாக உன் அப்பா மூலம் அவ்வப்போது தெரிந்துகொள்வேன். அவர் என்னிடம் சொல்வதில்லை. ஃப்ளோரா அத்தையிடம் சொல்வார், நான் பக்கத்து அறையில் இருந்து கேட்டுக்கொள்வேன்.

அத்தைக்கு முழங்கால் வலி கூடியிருக்கிறது. மாடிப்படி ஏறும்போது என்னைத் திட்டிக்கொண்டே ஏறினால் வலி தெரியவில்லையாம். திட்டட்டும் என்று விட்டுவிட்டேன். எனக்கு ஜூன் மாதத்தோடு பள்ளிக்கூடத்தில் இருந்து ஓய்வு. முப்பத்திரண்டு வருடம் கணக்குச் சொல்லிக்கொடுத்தவனுக்கு வீட்டில் என்ன வேலை? காய் நறுக்கினால் துண்டு பெரிசு என்கிறாள், துணி மடித்தால் கோணல் என்கிறாள். அதனால் வாரம் ஒரு படத்துக்குக் கிளம்பிவிடுகிறோம்.

புதுப்படம் எல்லாம் இப்போது கலரில்தான் வருகிறது. சட்டை ஒரு நிறம், சோபா ஒரு நிறம், சுவர் ஒரு நிறம். பார்த்துவிட்டு வெளியே வந்தால் லஸ் முனையே வெளுத்துப் போன மாதிரி இருக்கிறது. பழைய படத்தில் பேசுவதற்கு முன்னால் பாடுவார்கள், சாவதற்கு முன்னாலும் பாடுவார்கள். ஆனாலும் ஒரே இடத்தில் நின்று பாடுவார்கள், வார்த்தை காதில் விழும். இப்போது மலையைச் சுற்றி ஓடிக்கொண்டே பாடுகிறார்கள், மூச்சு எனக்கு வாங்குகிறது. பேரன் எடுக்க வேண்டிய வயதில் கதாநாயகன் இரண்டு நோட்டைக் கையில் வைத்துக்கொண்டு காலேஜுக்குப் போகிறார். அம்மா ஒரு தடவை இருமிவிட்டால் போதும், இடைவேளைக்குள் கதை முடிந்துவிடும் என்று அத்தை கைக்குட்டையை எடுத்து மடியில் வைத்துக்கொள்வாள். அன்றும் இன்றும் மாறாதது போலீஸ்தான். எல்லாம் முடிந்த பிறகு வருகிறார்கள்.

பார், எதற்கு உட்கார்ந்தேன், எதை எழுதுகிறேன். இப்படி வாய்க்கு வந்ததை எழுதித்தானே உனக்குக் கெடுதல் செய்தேன்.

உனக்குத் தெரிந்த கதைதான். இருந்தாலும் முதலில் இருந்து சொல்கிறேன். பாவசங்கீர்த்தனத்தில் ‘சாமிக்குத்தான் எல்லாம் தெரியுமே’ என்று சுருக்கிக்கொள்ள முடியாதல்லவா?

அப்போதிருந்த பங்குச் சாமியார் என்னைக் கூப்பிட்டு, கோயில் வாசல் கரும்பலகையில் சனிக்கிழமைதோறும் சினிமா பற்றி ஒரு வரி எழுதச் சொன்னார். குடும்பத்தோடு பார்க்கலாம், பெரியவர்கள் மட்டும், தவிர்க்கவும் என்று மூன்றே தீர்ப்பு. ஞாயிறு பூசை முடிந்து வருகிற சனங்கள் அதைப் பார்த்துவிட்டுத்தான் சாயங்காலம் எந்தப் படம் என்று முடிவு செய்வார்கள். எனக்கு சினிமாவைப் பற்றி என்ன தெரியும்? பாதிப் படத்தில் தூங்குகிறவன் நான். ஆனால் பலகை கைக்கு வந்ததும் தலைக்கு மேல் இரண்டு கொம்பு முளைத்துவிட்டது. மீன் வாங்கப் போனால், “சார், இந்த வாரம் போலாமா?” என்று கேட்பார்கள். கணக்கு வாத்தியாரை யாராவது அப்படி வழிமறித்துக் கேட்டதுண்டா? அந்தக் கேள்விக்காகவே நான் மீன் வாங்கப் போவேன்.

எழுபத்தொன்று நவம்பரில் ஒரு சனிக்கிழமை. மதியக் காட்சிக்குப் போனேன். ஹவுஸ் ஃபுல் போர்டு மாட்டிவிட்டார்கள், நல்ல மழை வேறு. திரும்பும்போது மெஹபூப் பாஷாவின் சைக்கிள் கடையில் ஒதுங்கினேன். அவர் முதல் நாளே படம் பார்த்திருந்தார். எப்படி என்று கேட்டேன். “சோக்கா கீது சார். கிளப் டான்ஸ் ஒண்ணு வச்சிக்கிறான். உங்க கோயில்ல பாடுமே ராஜநாயகம் சார் பொண்ணு, அதுவும் படத்துல வருது சார்” என்றார். அவர் மேலே ஏதோ சொல்ல வந்தார். நான் மழையென்றும் பாராமல் குடையை விரித்துக்கொண்டு இறங்கிவிட்டேன்.

நீ எந்த இடத்தில் வருகிறாய் என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. வழிமுறை எழுதாமல் விடையை மட்டும் எழுதுகிற பையனுக்கு முப்பத்திரண்டு வருடம் பூஜ்யம் போட்டவன், இரண்டு வாக்கியத்தை நானே கூட்டி, நானே விடை போட்டுக்கொண்டேன். உன் ஞானத்தகப்பன் ஆயிற்றே, கோபம் வேறு. நேராகப் போய், படத்தின் பெயருக்கு எதிரே தவிர்க்கவும் என்று எழுதினேன். அதோடு நின்றிருந்தால் தொலைகிறது என்று விடலாம். ‘நம் பங்கைச் சேர்ந்த பெண் ஒருவர் இதில் ஆடியிருப்பது வருந்தத்தக்கது’ என்று கீழே ஒரு வரி சேர்த்தேன். பெயர் போடவில்லை என்பதைப் பெருந்தன்மை என்று நினைத்துக்கொண்டேன்.

இன்னாருக்கும் இன்னாருக்கும் கலியாணம் என்று பூசையில் மூன்று ஞாயிறு வாசிப்பார்களே, அதில் உன் முதல் கலியாண ஓலையை அதற்கு முந்தின ஞாயிறுதான் வாசித்திருந்தார்கள். இரண்டாவது ஓலை வாசிக்கவில்லை. மாப்பிள்ளை வீட்டார் பூசைக்கு வந்தார்கள், பலகையைப் படித்தார்கள், திரும்பிப் போனார்கள். பாட்டுக்குழுவில் உன் இடத்தில் வேறு பெண் நின்றாள். உன் அப்பா என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. எட்டு மணிப் பூசைக்கு என் பக்கத்தில் இருபது வருடம் உட்கார்ந்தவர், அடுத்த வாரத்தில் இருந்து விடியற்காலைப் பூசைக்குப் போக ஆரம்பித்தார்.

இதுவரை ஊருக்குத் தெரிந்தது. இனிமேல் சொல்வது உனக்கும் தெரியாதது. அந்த ஞாயிறு சாயங்காலம் நீ எங்கள் வீட்டுக்கு வந்தாய். நான் வீட்டில் இல்லை என்று அத்தை சொன்னாள். சொல்ல வைத்தவன் நான். திரைச்சீலைக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தேன். உன் செருப்பில் இருந்த சேறுகூடத் தெரிந்தது. “மாமா வந்ததும் அந்தப் படத்த ஒரு தடவ பாக்கச் சொல்லுங்க அத்தை. அது போதும்” என்று சொல்லிவிட்டுப் போனாய். நீ அழுதிருந்தால் வெளியே வந்திருப்பேனோ என்னவோ. நீ அழவில்லை.

போய்ப் பார்த்திருக்க வேண்டும். அடுத்த நாளே போயிருக்க வேண்டும். பார்க்காமல் எழுதினேன் என்பது தெரிந்துவிடுமே என்ற பயம் ஒன்று, நான் நினைத்தது தப்பாக இருந்துவிடுமோ என்ற பயம் ஒன்று. இரண்டில் எது பெரிசு என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. வெட்கம் கெட்டவன், அதற்குப் பிறகும் இரண்டு வருடம் அதே பலகையில் எழுதினேன். புதுச் சாமியார் வந்து நிறுத்தினார், நானாக நிறுத்தவில்லை.

போன ஆகஸ்டில் உன் அப்பா அத்தையை ரேஷன் கடையில் பார்த்திருக்கிறார். திண்டுக்கல்லில் இருந்து உனக்கு நல்ல இடம் அமைந்திருப்பதாகவும், பையனும் வாத்தியார்தான் என்றும், பழைய கதையை நீயே அவரிடம் சொல்லிவிட்டாய் என்றும் சொன்னாராம். ஆனால் சொந்தப் பங்கு என்று இந்தக் கோயிலில் ஓலை வாசித்தால் கலியாணமே வேண்டாம் என்று எழுதியிருக்கிறாயாம். “அந்தக் கோயில்ல என் பேரு இன்னொரு தடவ கேக்கக் கூடாதுப்பா” என்று நீ எழுதிய வரியை அவர் அப்படியே ஒப்பித்தாராம். அத்தை வந்து அதை எனக்கு ஒப்பித்துவிட்டு, அன்று என்னைத் திட்டாமலே மாடி ஏறினாள்.

செப்டம்பரில் அடையாறில் ஒரு தியேட்டரில் அந்தப் படத்தைக் காலைக் காட்சியாகப் போட்டார்கள். இரண்டு பேரும் போனோம். நான் தூங்கவில்லை. கிளப் டான்ஸ் வந்தது. கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். நீ அதில் இல்லை. இடைவேளைக்குப் பிறகு ஒரு கோயில் காட்சி. சினிமாக் கோயில் எப்படி இருக்கும் என்று உனக்குத்தான் தெரியுமே. பஞ்சுத் தாடி வைத்த சாமியார், யாருமே வாசிக்காமல் தானாக வாசிக்கும் பியானோ. பின்னால் இரண்டு வரிசை பெண்கள் தலையில் முக்காட்டோடு முழந்தாளில் இருக்கிறார்கள். இரண்டாவது வரிசையில் மூன்றாவது நீ.

எல்லாரும் சிலுவை போட்டுக்கொள்கிறார்கள். உன் பக்கத்துப் பெண் இடது கையைத் தூக்குகிறாள். நீ தலையைத் திருப்பாமல் அவள் மணிக்கட்டைப் பிடித்துக் கீழே இறக்கிவிட்டு, வலது முழங்கையை லேசாகத் தட்டுகிறாய். அவள் வலது கையால் போடுகிறாள். அப்புறம் நீ கண்ணை மூடிக்கொண்டு உன் சிலுவையைப் போடுகிறாய். நெற்றி, மார்பு, இடது தோள், வலது தோள். அவ்வளவுதான். ஐந்து விநாடி இருக்குமா? அதற்குள் காட்சி மாறி யாரோ யாரையோ துப்பாக்கியால் சுட ஆரம்பித்துவிட்டார்கள்.

அத்தை என் பக்கம் திரும்பி, “இதுக்கா?” என்றாள்.

மீதிப் படம் என்ன ஆயிற்று என்று கேட்டால் தெரியாது. அந்தச் சிலுவையை உனக்கு நாலு வயதில் என் மடியில் உட்கார வைத்துக் கையைப் பிடித்துச் சொல்லிக்கொடுத்தவன் நான். இடது கையைத் தூக்குவாய். நான் அப்படித்தான் மணிக்கட்டைப் பிடித்து இறக்குவேன்.

வீட்டுக்கு வராமல் நேராகச் சாமியாரிடம் போனேன். பழைய குப்பையை எதற்குக் கிளறுகிறீர்கள் என்றார். நான் கொட்டிய குப்பை, நான்தான் அள்ள வேண்டும் என்றேன். பலகையில் எழுதினேன்: ‘ஐந்து வருடத்துக்கு முன் இங்கே நம் பங்குப் பெண் ஒருவரைப் பற்றி எழுதினேன். அந்தப் படத்தை அன்று நான் பார்க்கவில்லை. இப்போது பார்த்தேன். அவர் அதில் ஆடவில்லை, ஜெபம் செய்கிறார். நான் எழுதியது பொய். – இக்னேஷியஸ்.’ கலியாண ஓலைக்கு உள்ளதுபோல மூன்று ஞாயிறு அழியாமல் இருக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டேன். உன்னைக் கேட்காமல் மறுபடியும் உன்னைப் பற்றி எழுதினேன் என்பது எழுதி முடித்த பிறகுதான் உறைத்தது. அதற்கும் சேர்த்து மன்னித்துக்கொள்.

முதல் ஞாயிறு எல்லாரும் படித்துவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் போனார்கள். சாருக்கு வயசாகிவிட்டது என்று யாரோ சொன்னது காதில் விழுந்தது. இரண்டாவது வாரம் மெஹபூப் பாஷா கேள்விப்பட்டு வந்து படித்தார். “நான் அன்னிக்கே சொல்ல வந்தேன் சார், கோயில்ல கும்புடுற மாதிரி வருதுன்னு. நீங்க கேக்காமலே பூட்டீங்க” என்றார். அவர் மேல் தப்பே இல்லை.

இன்று மூன்றாவது ஞாயிறு. உன் அப்பா எட்டு மணிப் பூசைக்கு வந்தார். பலகைக்கு முன்னால் நின்று, கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, இரண்டு தடவை படித்தார். உள்ளே வந்து என் பெஞ்சில் உட்கார்ந்தார். நடுவில் ஒரு ஆள் உட்காரும் அளவு இடம் விட்டுத்தான் உட்கார்ந்தார். பூசை முடிந்ததும் நான் அவர் கையைப் பிடிக்கப் போனேன். “எங்கிட்ட வேணாம் இக்னேஷியஸ். பிள்ளைக்கு எழுது” என்றார். அதனால்தான் இந்தக் கடிதம்.

போன கலியாணத்தை என்னால் திருப்பித் தர முடியாது. போன ஐந்து வருடத்தையும் முடியாது. நான் கேட்பது ஒன்றுதான். இந்தக் கோயிலில் உன் பெயரை மூன்று ஞாயிறும் முழுசாக வாசிக்க விடு அம்மா. தடை தெரிந்தவர்கள் எழுந்து சொல்லுங்கள் என்று சாமியார் கேட்கும்போது, ஊர் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பதை உன் அப்பா ஒரு தடவை பார்க்கட்டும். நான் அங்கே இருக்கக் கூடாது என்றால் அந்த மூன்று வாரமும் வேறு கோயிலுக்குப் போய்விடுகிறேன். வாசிக்கவே வேண்டாம் என்று நீ சொன்னாலும் சரி, சாமியாரிடம் நானே போய் உனக்காகக் கெஞ்சி வேறு வழி கேட்கிறேன்.

உன்னை ஆசீர்வதிக்க எனக்கு வாய் வரவில்லை. அத்தை ஆசீர்வதிக்கிறாள், அவளுக்கு அந்த யோக்கியதை உண்டு. உன் ஞானஸ்நானத்தில் சாமியார் கேட்ட கேள்விக்கெல்லாம், கைக்குழந்தையான உனக்குப் பதிலாக நான்தான் பதில் சொன்னேன். அதற்குப் பிறகு உன்னைக் கேட்காமலே உனக்காகப் பேசுவது எனக்குப் பழகிப் போய்விட்டது. இந்தக் கேள்விக்கு நீ சொல்லு. ஒரு தபால் கார்டில் ஒரே ஒரு வார்த்தை எழுதினாலும் போதும்.

இப்படிக்கு,
இன்னும் நீ கூப்பிடுவாய் என்றால்,
உன் சார் மாமா,
இக்னேஷியஸ்