தளேகாவில் நமக்கு ஒரு வீடு

என் லில்லி அக்காவுக்கு,

நீ போய் நாலு மாதம் ஆகிறது. இன்னும் காலையில் இரண்டு டிபன் டப்பாக்களை எடுத்து வைத்துவிட்டு, ஒன்றைத் திரும்ப அலமாரியில் வைக்கிறேன். அம்மா பார்த்தும் பார்க்காததுபோல இருக்கிறாள்.

ஒரு செய்தி சொல்லத்தான் எழுதுகிறேன். நம் கம்பெனியில் அடுத்த மாதத்திலிருந்து என்னைக் காலை ஆறு மணி ஷிப்டில் போட்டிருக்கிறார்கள். புணேயிலிருந்து முதல் லோக்கல் ரயிலைப் பிடித்தாலும் அந்த நேரத்துக்குத் தளேகாவ் போய்ச் சேர முடியாது. குவார்ட்டர்ஸ் தருகிறோம், வீட்டோடு குடிவந்துவிடு, இல்லையென்றால் வேலையை விட்டுவிடு என்று மேனேஜர் சாகேப் சொல்லிவிட்டார். ரயிலிலிருந்து தினமும் பார்ப்போமே, கம்பெனியை ஒட்டிய அந்த மஞ்சள் வீடுகள், அவற்றில் ஒன்று.

நான் எப்போது தனியாக முடிவெடுத்திருக்கிறேன்? எந்தப் புடவை கட்டுவது என்பதைக்கூட உன்னைத்தானே கேட்பேன்.

நீ போன பிறகு முதல் நாள் வேலைக்குப் போன கதையைக் கேள். ரயில் உள்ளே வந்ததும் வழக்கம்போல ஜன்னல் வழியாகக் கைக்குட்டையைப் போட்டேன். ஒன்றல்ல, இரண்டு. ஆறு வருஷப் பழக்கம், உனக்கும் சேர்த்து இடம் பிடித்துவிட்டேன். வயிற்றில் பிள்ளையோடு ஒரு பெண் வந்து, இங்கே யாராவது வருகிறார்களா என்று ஹிந்தியில் கேட்டாள். என் அக்கா வருகிறாள் என்றேன். சொன்ன பிறகுதான் எனக்கே உறைத்தது. ஆனாலும் கைக்குட்டையை எடுக்கக் கை வரவில்லை.

பெட்டியில் எல்லாருக்கும் விஷயம் தெரியும். ஒருத்தியும் அந்தக் கைக்குட்டையைத் தொடவில்லை. கட்கி ஸ்டேஷன் வரைக்கும் அந்த இடம் காலியாகவே வந்தது, பாவம், அந்தப் பெண் நின்றுகொண்டே வந்தாள். பிறகு பேக்கிங் பிரிவில் நம் எதிர் மேஜைக்கார அம்மா, ஷிந்தே காக்கூ, எழுந்து வந்து, உன் கைக்குட்டையை மடித்து என் உள்ளங்கையில் வைத்துவிட்டு, அவளை உட்கார வைத்தார். நான் அப்போதுதான் அழுதேன். அடக்கத்தன்றுகூட அழவில்லை, தெரியுமா?

போன வாரம் அதே காக்கூவிடம் குவார்ட்டர்ஸ் விஷயத்தைச் சொன்னேன். “ரெண்டு வருஷம் முன்னாடியே உன் அக்காவுக்குக் குடுத்தாங்க. அவதான் வேணாம்னுட்டா. என் தங்கச்சிக்கு அந்த இடம் பிடிக்காதுன்னு சொன்னா” என்றார்.

எனக்கு உடனே நினைவு வந்துவிட்டது. ஒருநாள் ரயிலில் அந்த வீடுகளைக் காட்டி, எப்படி இருக்கிறது என்று கேட்டாய். அந்தக் காட்டில் எவள் இருப்பாள் என்று நான் சிரித்தேன். நீயும் சிரித்தாய். அதற்குமேல் நாம் பேசவேயில்லை. புணேயில் இந்தக் கேம்ப் பகுதியும் கோயில் பாட்டுக்குழுவும் இல்லாமல் நான் இருக்க மாட்டேன் என்று நீயே முடிவுகட்டிவிட்டாயா? வாய் திறந்து ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா?

இளைப்பு உனக்கு. ஸ்டேஷன் பாலத்தில் ஏறினால் நடுவில் நின்று தண்டவாளத்தைப் பார்ப்பாய். “ரயில இன்னைக்குத்தான் பாக்கியா? வா, எடம் போயிரும்” என்று கையைப் பிடித்து இழுப்பேன். நீ மூச்சு வாங்கத்தான் நிற்கிறாய் என்பது எனக்கு ஏன் தெரியாமல் போனது? அந்த வீட்டுக்குப் போயிருந்தால் பாலமும் இல்லை, ஓட்டமும் இல்லை. இன்னும் இருந்திருப்பாயோ? டாக்டரிடம் கேட்கப் பயமாக இருக்கிறது.

உனக்கு வாய்க்காத வீட்டில் நான் போய்க் காலை நீட்டிப் படுப்பதா? வேலையே வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிடலாம் என்றுதான் இருந்தேன். அம்மாவும் வரமாட்டாள் என்று நினைத்தேன். ஞாயிறு ஆராதனை முடிந்தால் அவள் நேரே உன் கல்லறைக்குத்தானே போகிறாள்? காக்கூ சொன்னதையும் சேர்த்து எல்லாவற்றையும் அவளிடம் சொன்னேன். கீரை ஆய்ந்துகொண்டிருந்தவள் நிமிராமலே கேட்டாள்.

“ஏட்டி, அவ வேண்டாம்னது ஒனக்காவத்தான? நீயும் வேண்டாம்னா அது யாருக்கு?”

நேற்று கையெழுத்துப் போட்டுவிட்டேன் அக்கா. உன் கட்டிலையும் கொண்டுபோகிறோம். அம்மா அதில் படுத்துக்கொள்வாளாம்.

ஞாயிறுதோறும் அம்மாவைக் கூட்டிக்கொண்டு லோக்கலில் உன்னிடம் வருவேன். திரும்பிப் போகும்போது உன் கைக்குட்டையைப் போட்டுத்தான் அவளுக்கு இடம் பிடிப்பேன், கோபித்துக்கொள்ளாதே. ஸ்டேஷன் பாலத்தில் பாதி ஏறியதும் அவளும் நிற்பாள், வயதாகிவிட்டதல்லவா. ரயில் போனால் போகட்டும். இனி நான் யார் கையையும் பிடித்து இழுக்க மாட்டேன்.

உன்னை அவசரப்படுத்திய தங்கை,
எஸ்தர்