நான் கொடுத்த புகாரின் மீது நான் கொடுக்கும் புகார்

நாள்: 14-03-2023, செவ்வாய்க்கிழமை
நேரம்: காலை 6.40

மனு எண் 2
(என்னுடைய 27-02-2023 நாளிட்ட மனு எண் 1-ஐ மறுத்து எழுதப்படுவது)

அனுப்புநர்:
எடை மற்றும் அளவைத் துறையில் ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவர், வயது 71,
ஆண்கள் அறுவைப் பிரிவு, படுக்கை எண் 11-ன் முன்னாள் நோயாளி.

பெறுநர்:
மருத்துவமனைக் கண்காணிப்பாளர் அவர்கள்,
பொது மருத்துவமனை.

பொருள்: ஆண்கள் அறுவைப் பிரிவுச் செவிலியர் மீது நான் அளித்த புகார் உண்மைக்குப் புறம்பானது என அறிவித்தல் – அவருடைய பணியிடை நீக்கத்தை 16-03-2023 விசாரணைக்கு முன்பாகவே ரத்து செய்யக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: தங்கள் அலுவலக ஆணை, நாள் 01-03-2023.

மதிப்பிற்குரிய ஐயா,

1. மனு எண் 1-ல், 23-02-2023 வியாழக்கிழமை பிற்பகல் 2.40 மணிக்குப் பணியிலிருந்த ஆண் செவிலியர் என் கைக்கடிகாரத்தைப் பறித்தார், என் மார்பில் அடித்தார், வெளியாட்கள் இருவரை அழைத்து வந்து என் கட்டிலுக்கு அடியில் தேட வைத்தார், என் கைகளைக் கட்டிலோடு கட்டினார் என்று எழுதியிருந்தேன். இவற்றுள் கடைசியில் சொன்னது மட்டுமே நடந்தது. அதையும் அவர் மணிக்கட்டில் பஞ்சு வைத்துத்தான் செய்தார். கட்ட நேர்ந்ததற்குக் காரணம் நான். அந்தக் காரணத்தை எல்லோரிடமிருந்தும் மறைத்தவனும் நான்.

2. நான் மது அருந்துபவன். இந்த வாக்கியத்தை வாழ்நாளில் முதன்முறையாக எழுதுகிறேன். 1992-ஆம் ஆண்டு ஜூன் மாதம் தொடங்கிய பழக்கம். இரவு எட்டு மணிக்கு, உள்ளறையில், கதவைச் சாத்திக்கொண்டு, தொண்ணூறு மில்லி. நானே சோதித்து முத்திரையிட்ட கண்ணாடி அளவையால்தான் ஊற்றுவேன். தெருவில் தள்ளாடியதில்லை, குரல் உயர்த்தியதில்லை, மறுநாள் அலுவலகத்துக்குத் தாமதமாகப் போனதுமில்லை. எனவே குடிகாரன் என்ற சொல் வேறு யாருக்கோ உரியது என்று நம்பியிருந்தேன். ஓய்வு பெற்ற பின் அதே அளவையை இரண்டு முறை நிரப்பினேன். கடந்த மூன்று ஆண்டுகளாக நான்கு முறை. அளவை மாறவில்லை என்பதையே அளவு மாறவில்லை என்று எனக்கு நானே கணக்குக் காட்டி வந்தேன். பணிக்காலத்தில் இப்படிக் கணக்குக் காட்டிய கடைக்காரர்களை நான் விட்டுவைத்ததில்லை.

3. குடலிறக்க அறுவைச் சிகிச்சைக்காக 20-02-2023 திங்கட்கிழமை காலை சேர்க்கப்பட்டேன். பெண் மருத்துவர் ஒருவர் வரிசையாகக் கேட்டார்: சர்க்கரை, இரத்த அழுத்தம், மூச்சிரைப்பு, புகை, மது. அப்போது என் மனைவியும், மகனும், மகனுடைய மாமனாரான என் சம்பந்தியும் கட்டிலைச் சுற்றி நின்றிருந்தார்கள். ஐந்தாவது கேள்விக்கு "இல்லை" என்றேன். என் மகன் சிரித்துக்கொண்டே, "எங்கப்பா டீயே ஒரு வேளைதான் குடிப்பார், டாக்டர்" என்றான். அவனுக்குத் தெரியாது. சம்பந்தி பெருமையாகத் தலையசைத்தார். என் மனைவி மட்டும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

4. மறுநாள் அறுவை நல்லபடியாக முடிந்தது. 22-02-2023 புதன்கிழமை மாலை என் கைகள் நடுங்கத் தொடங்கின. தண்ணீர்க் குவளையை வாய்க்குக் கொண்டுபோக முடியவில்லை. சட்டை நனையுமளவு வியர்த்தது. மேற்படி செவிலியர் நாடி பார்த்தார், என் விரல்களை விரிக்கச் சொல்லிப் பார்த்தார். பிறகு பார்வையாளர்கள் கேட்காதபடி குனிந்து, "ஐயா, தப்பா எடுத்துக்காதீங்க. குடிக்கிற பழக்கம் எதும் இருந்தா இப்பவே சொல்லிடுங்க. அதுக்கு மருந்து இருக்கு. வீட்டு ஆளுங்களுக்குத் தெரியாம டாக்டர்கிட்ட மட்டும் சொல்லிடறேன்" என்றார். ஐயா, எனக்கு வேண்டியது அத்தனையும் அந்த நான்கு வாக்கியங்களில் இருந்தது. நானோ வார்டே திரும்பிப் பார்க்கும் குரலில், "என்னைப் பாத்தா குடிகாரன் மாதிரி தெரியுதா உனக்கு?" என்றேன். பக்கத்துக் கட்டில் லாரி ஓட்டுநர், "பிரதர், ஆள் பாத்துக் கேளுங்க. அதெல்லாம் என்கிட்ட கேக்க வேண்டிய கேள்வி" என்றார். வார்டு சிரித்தது. செவிலியர் முகம் சிறுத்துப்போய் அப்பால் சென்றார். அந்தச் சிரிப்பில் எனக்கு நிறைவு இருந்தது என்பதையும் பதிவு செய்கிறேன்.

5. வியாழன் பிற்பகல் நான் கண்டவை: சுவரிலிருந்து எறும்புகள் இறங்கி, குளுக்கோஸ் குழாய் வழியாக என் கைக்குள் போய்க்கொண்டிருந்தன. கட்டிலுக்கு அடியில் இருவர் எதையோ எடை போட்டுக்கொண்டிருந்தார்கள். எடைக்கற்களில் முத்திரை இல்லை. நடந்தவை, வார்டில் இருந்தோர் இப்போது கூறக் கேட்டபடி: நான் குழாயைப் பிடுங்கி எறிந்தேன். அறுவைக் காயத்தின் மீது கட்டியிருந்த கட்டைப் பிரித்தேன். தடுக்க வந்த செவிலியரின் முன்கையைக் கடித்தேன், அவருடைய மூக்குக்கண்ணாடியை உடைத்தேன். காயம் பிரிந்துவிடாதிருக்க, லாரி ஓட்டுநரின் துணையோடு என் கைகளைக் கட்டி, கடிபட்ட கையாலேயே என் தலையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டிருந்தார். பணி மருத்துவர் வந்து ஊசி போட்டார். குடிப்பழக்கம் உண்டா என்று மீண்டும் கேட்டபோது என் மகன் மீண்டும் உறுதியாக மறுத்திருக்கிறான். ஆகவே மயக்க மருந்தால் வந்த குழப்பம் என்று குறிக்கப்பட்டது.

6. சனிக்கிழமை தெளிந்தேன். தேதி தெரிகிறதா என்று மருத்துவர் கேட்டதற்கு, தேதியும் கிழமையும் சொல்லி, ஆண்டில் இன்னும் எத்தனை நாட்கள் மிச்சம் என்பதையும் சொன்னேன். எல்லோரும் மகிழ்ந்தார்கள். ஆனால் வியாழன் பிற்பகலை நான் கண்டபடியே நினைவில் வைத்திருந்தேன். திங்களன்று வீடு திரும்பும் வழியில் சக்கர நாற்காலியில் இருந்தபடியே மனு எண் 1-ஐத் தங்கள் அலுவலகச் சாளரத்தில் சேர்த்தேன். மணி, நிமிடம், ஆட்களின் உயரம் எல்லாம் எழுதியிருந்தேன். எறும்புகளின் எண்ணிக்கையை உறுதி செய்ய இயலாததால் அவற்றை மட்டும் விட்டுவிட்டேன். விட்டிராவிட்டால் தாங்கள் அன்றே அந்தத் தாளைக் கிழித்துப் போட்டிருப்பீர்கள். குழப்பத்தில் இருப்பவன் இவ்வளவு ஒழுங்காக எழுத மாட்டான் என்று தங்கள் அலுவலகம் எண்ணியதில் பிழை சொல்ல மாட்டேன். முப்பத்தாறு ஆண்டுகள் பிறர் மீது எழுதிப் பழகிய கை அது.

7. 04-03-2023 சனிக்கிழமை, மருத்துவமனையிலிருந்து வந்த துணிகளை என் மனைவி துவைக்கும்போது, என் காலுறைக்குள் கைக்கடிகாரம் கிடைத்தது. அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். பயந்துபோய்த் திருப்பி வைத்துவிட்டான் என்றேன். என் மனைவி ஈரக் கையோடு நின்று, "உங்க மரியாதையக் காப்பாத்த அந்தப் பையன் சோத்துல மண்ணைப் போடணுமா?" என்று கேட்டார். உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்தினேன். அன்றும் நான்கு முறை ஊற்றினேன்.

8. 09-03-2023 வியாழக்கிழமை காயத்தைக் காட்டச் சென்றோம். இரத்தம் கட்டி வீங்கியிருந்ததால் பொது மருத்துவரிடம் அனுப்பினார்கள். அவரும் அதே கேள்வியைக் கேட்டார். நான் வாயைத் திறக்குமுன் என் மனைவி, "முப்பது வருஷமா ராத்திரி அந்தக் கிளாஸக் கழுவி வைக்கிறவ நான்தான், டாக்டர்" என்றார். பிறகு அழுதார். நான் அழவில்லை, அழுதிருக்கலாம்.

மருத்துவர் என்னைத் திட்டவில்லை. படம் வரைந்து விளக்கினார். மது மூளையின் வேகத்தை மட்டுப்படுத்தும். நாள்தோறும் மட்டுப்படும் மூளை, அதை ஈடுகட்டத் தன் வேகத்தைக் கூட்டி வைத்துக்கொள்ளும். மது திடீரென நின்றால் கூட்டிய வேகம் மட்டும் மிஞ்சும். நடுக்கம், வியர்வை, இல்லாததைக் காண்பது எல்லாம் அதனால்தான். சிலருக்கு வலிப்பு வரும், உயிரும் போகலாம். முன்பே சொல்லியிருந்தால் சில நாட்களுக்கு மாத்திரையும் வைட்டமின் ஊசியும் கொடுத்துப் பெரும்பாலும் தடுத்திருக்கலாம் என்றார். என் பாதங்கள் இரண்டு ஆண்டுகளாக மரத்துப்போயிருப்பதும், மூன்று மாத்திரைக்கும் அடங்காத இரத்த அழுத்தமும், காயத்தில் இரத்தம் உறையத் தாமதித்ததும் முதுமையால் என்று எண்ணியிருந்தேன். கல்லீரல் சுருங்கத் தொடங்கியிருப்பதைத் திரையில் காட்டினார். வெளியே சலவைச் சட்டையோடு நடமாடியவனுக்கு உள்ளே எல்லாம் பதிவாகிக்கொண்டிருந்திருக்கிறது. அன்றே புட்டியைக் கவிழ்த்துவிடுகிறேன் என்றேன். தாமாக நிறுத்தினால் மறுபடி அதே நிலை வரும், மருந்தோடுதான் நிறுத்த வேண்டும் என்று தடுத்தார். ஐந்து நாட்களாக அவருடைய சிகிச்சையில் இருக்கிறேன். கை இன்னும் முழுதாக நிலைக்காததால் இம்மனுவை நான் சொல்ல என் மனைவி எழுதுகிறார்.

9. 10-03-2023 வெள்ளிக்கிழமை மாலை 4.15 மணிக்கு, மன்னிப்புக் கேட்கச் செவிலியரின் வீட்டுக்குத் தனியாகச் சென்றேன். மாடிப்படியின் கீழ் ஒற்றை அறை. அவர் வீட்டில் இல்லை; தற்காலிகமாக ஒரு மருந்துக் கடையில் பெட்டி இறக்கப் போயிருப்பதாக அவருடைய மனைவி சொன்னார். நான் யார் என்று அவர் கேட்கவில்லை. மூச்சு வாங்குவதைப் பார்த்து நாற்காலி போட்டு, தண்ணீர் கொடுத்து, மின்விசிறியை என் பக்கம் திருப்பி வைத்தார். கணவரின் வேலை பற்றி நான் தடுமாறிக் கேட்டதற்கு அவர் சொன்னதை அப்படியே தருகிறேன்: "ஒரு பெரியவர் எழுதிக் குடுத்துட்டாருங்க. இவர் நான் எதுவுமே செய்யலன்னு சொல்றார். ஆனா அவ்ளோ வயசானவர், மணி நேரமெல்லாம் போட்டுப் பொய் எழுதுவாரா சொல்லுங்க? அதான், நெஜமா அடிச்சீங்களான்னு நானே இவரக் கேட்டுட்டேன். அன்னிக்கிலேருந்து எங்கிட்ட சரியாப் பேசறதில்ல."

நான் தண்ணீரைக் குடித்து முடித்தேன். வருகிறேன் அம்மா என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டேன். அந்த வீட்டில் உண்மையைச் சொல்ல என் வாய் எழவில்லை. ஐந்தாவது கேள்விக்கு இல்லை என்று சொன்ன அதே வாய்தான். இந்தப் பத்தியை எழுதும்போது என் மனைவி பேனாவைக் கீழே வைத்துவிட்டார். இதன் கடைசி நான்கு வாக்கியங்கள் மட்டும் என் கையால் எழுதப்பட்டவை.

10. ஆகவே ஐயா அவர்களிடம் நான் வேண்டிக்கொள்வது:

(அ) மனு எண் 1-ஐத் தள்ளுபடி செய்து, செவிலியரை உடனே பணியில் அமர்த்தி, விலக்கி வைத்த நாட்களையும் பணி நாட்களாகக் கொள்ள வேண்டும். விசாரணை நடந்தே தீர வேண்டுமென்றால் 16-03-2023 வியாழன் காலை 10.30-க்கு நான் வருவேன். என்னையே விசாரியுங்கள்.

(ஆ) அவர் குற்றமற்றவர் என்ற ஆணை அலுவலகப் பலகையோடு நின்றுவிடாமல், அவருடைய வீட்டு முகவரிக்கும் அஞ்சலில் செல்ல வேண்டும். காரணம் பத்தி 9-ல் உள்ளது.

(இ) மது பற்றிய கேள்வியை உறவினரை வெளியே அனுப்பிவிட்டுக் கேட்கும்படி எல்லா வார்டுகளுக்கும் ஆணையிட வேண்டும். அச்செவிலியருக்கு இது தெரிந்திருந்தது. நல்ல சட்டை போட்டவர் "இல்லை" என்று சொன்னால், இன்னொரு முறை கேட்கும்படியும் சொல்ல வேண்டும்.

(ஈ) என் மருத்துவப் பதிவில் மதுப்பழக்கம் என்ற இடத்தில் "உண்டு" என்று திருத்த வேண்டும். என் மகனுக்கும் சம்பந்திக்கும் ஞாயிற்றுக்கிழமை நானே சொல்லிவிட்டேன். இனி மறைக்க ஆளில்லை.

எனக்கு இரக்கம் காட்ட வேண்டாம். அவருக்கு நாள் கடத்த வேண்டாம்.

இடம்: என் வீடு, உள்ளறை (கதவு திறந்துள்ளது)
நாள்: 14-03-2023

இப்படிக்கு,
(ஒப்பம்)
மனு எண் 1-ஐயும் 2-ஐயும் எழுதியவர்
ஒப்பம் நடுங்கியிருப்பினும் என்னுடையதே.

இணைப்புகள்:
1. மனு எண் 1-ன் நகல். மொத்தம் பதினான்கு வாக்கியங்கள். பொய்யான பதினொன்று சிவப்பு மையால் அடிக்கோடிடப்பட்டுள்ளன.
2. கைக்கடிகாரம் ஒன்று, உறையிலிட்டு ஒட்டப்பட்டது. விசாரணை முடியும் வரை தங்கள் பொறுப்பில் இருக்கட்டும்.
3. பொது மருத்துவரின் சான்று, நாள் 09-03-2023.
4. லாரி ஓட்டுநர் நேரில் கண்டதைச் சொல்லி ஒப்பமிட்ட தாள்.
5. இதே மனுவின் மற்றொரு நகல். இதில் தங்கள் அலுவலக வரவு முத்திரை இட்டு என்னிடமே திருப்பித் தருமாறு வேண்டுகிறேன். செவிலியரின் மனைவியிடம் நான் யார் என்று சொல்லும்போது கையில் கொடுப்பதற்கு.