சர்பத் பாட்டிலில் வந்த கிணற்று நீர்

நேற்றுக் காலை தண்ணீர் சுத்திகரிக்கும் மெஷினைப் பார்க்க ஒருவர் வந்தார். டம்ளரில் தண்ணீர் பிடித்து, பேனா மாதிரி இருந்த மீட்டரை அதில் முக்கிப் பார்த்துவிட்டு, "நானூத்திப் பத்து காட்டுது மேடம், ஃபில்டர் மாத்தணும்" என்றார். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது.

"டம்ளரை அலசினீங்களா?"

"கழுவி வச்ச டம்ளர்தானே மேடம்?"

"எதைப் போட்டுக் கழுவினதுன்னு உங்களுக்குத் தெரியுமா? அதே தண்ணியில மூணு தடவை அலசிட்டு அப்புறம் பிடிங்க."

மனுஷன் என்னை ஒரு மாதிரி பார்த்தார். ஆனாலும் அலசினார். எண் ஒன்றும் பெரிதாக மாறவில்லை. ஃபில்டரை மாற்றிவிட்டு, போகும்போது செருப்பை மாட்டிக்கொண்டே, "டீச்சருங்களா?" என்று கேட்டார். இல்லை, பேங்க்கில் இருந்தேன் என்றேன். அவருக்கு இன்னும் குழம்பிவிட்டது. எனக்கு மட்டும் என்ன தெளிவாகவா இருக்கிறது? நீ கண்ணை மூடி நாற்பது நாள் ஆகிறது. உன்னிடம் கேட்க வேண்டியதை இத்தனை வருஷமாகக் கேட்காமல் இருந்துவிட்டு, இப்போது பேப்பரை எடுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

நாம் என்ன படிக்கப் போகிறோம் என்று தெரிந்தா சேர்ந்தோம்? நான் கேட்டது கணக்கு. நீ கேட்டது வெறும் கெமிஸ்ட்ரி. இரண்டிலும் இடம் முடிந்துவிட்டது என்று சொல்லி, அந்த வருஷம் புதிதாகத் தொடங்கிய 'சுற்றுச்சூழல் வேதியியல்' பிரிவில் நம்மைத் தள்ளிவிட்டார்கள். "குப்பைய ஆராய்ச்சி பண்ற படிப்பாடி? அதுக்கு எதுக்குத் தஞ்சாவூரு, நம்ம கொல்லையிலயே கெடக்கே" என்று என் அத்தை சிரித்தாள். உங்கள் தெருவில் அதை நர்ஸ் படிப்பு என்று நினைத்துக்கொண்டு, ஊருக்கு வரும்போதெல்லாம் உன்னிடம் காய்ச்சலுக்கு மாத்திரை கேட்டார்களாம். பாடம் நடத்திய மேடத்துக்கே பாடப் புத்தகம் கிடையாது. சென்னையிலிருந்து ஜெராக்ஸ் வந்தால்தான் அடுத்த பாடம்.

முதல் நாள் வகுப்பில் ஒவ்வொருவராக எழுந்து ஊர் பெயர் சொன்னோம். நீ சொன்னதும் நான் திரும்பிப் பார்த்தேன். என் ஊர்! முத்துப்பேட்டைப் பக்கத்தில் ஒரே ஊரில், அரை மைல் இடைவெளியில் பதினேழு வருஷம் வளர்ந்திருக்கிறோம். நான் மன்னார்குடியில் ஹாஸ்டலில் தங்கிப் படித்தவள், நீ உள்ளூர்ப் பள்ளிக்கூடம். ஒருவரையொருவர் பார்க்கத் தஞ்சாவூர் வரை வர வேண்டியிருந்தது.

"பெரிய தெருவா?" என்று கேட்டாய்.

"ஆமா" என்று அப்பா பெயரையும் சொன்னேன்.

"உங்கப்பா வயல்லதான் எங்கம்மா நடவு நடுது."

அதைக் குத்திச் சொன்னாயா, சும்மா சொன்னாயா? அப்போதும் புரியவில்லை, இப்போதும் பிடிபடவில்லை. அடுத்த நிமிஷம் "தள்ளி உக்காருடி" என்று என் பெஞ்சிலேயே வந்து உட்கார்ந்துவிட்டாய். மூன்று வருஷமும் அந்த இடம்தான்.

நம் படிப்பு ஜெராக்ஸ் தாளிலிருந்து எழுந்து ஊருக்குள் நடந்து வந்தது இரண்டாம் வருஷத்தில். நம் ஊர் கடைமடை. மேட்டூர் திறந்து, ஆறு நிறைந்து, வாய்க்கால் நிறைந்து, எல்லோரும் பாய்ச்சி முடித்த பிறகு நமக்கு வருவது ஈரம் மட்டும்தான். இரண்டு போகம் தொடர்ந்து கருகியதும், வெளியூர்க் கம்பெனி ஒன்று இறால் பண்ணை வைக்க நிலம் கேட்டு வந்தது. என் அப்பா குத்தகைக்குக் கொடுத்தார். ஆசையில் கொடுத்தார் என்று மட்டும் சொல்ல மாட்டேன், அவர் வேறு வழியில்லாமலும் கொடுத்தார். கம்பெனி உப்பாற்றுத் தண்ணீரை மோட்டார் வைத்து இறைத்துக் குளம் குளமாகத் தேக்கியது. ஒரு வருஷத்துக்குள் உங்கள் தெருக் கிணறு உப்புக் கரித்துவிட்டது. நடவு வேலையும் போயிற்று, குடிக்கிற தண்ணீரும் போயிற்று.

கூலிக்காக ஒரு காலத்தில் அறுவடையையே நிறுத்திக் காட்டிய தெரு அது. சும்மா இருப்பார்களா? மறியல், போலீஸ், கேஸ் என்று ஊர் இரண்டாகிவிட்டது. அந்த வருஷம்தான் ஆட்சியும் மாறியிருந்தது. பஸ் ஸ்டாண்டுச் சுவரில் பழைய சின்னத்தின் மேல் புதுச் சின்னம் வரைந்துகொண்டிருந்தார்கள். கம்பெனி மேனேஜர் இரண்டு கட்சிக்காரர்களுக்கும் மாலை போட்டு வைத்திருந்த ஆள். "மனு குடுத்தா ஆதாரம் எங்கங்கிறாங்க. ஆதாரம் நம்ம லேப்லதானடி இருக்கு?" என்றாய் நீ.

மறுவாரம் உங்கள் தெருக்காரர் ஒருவர் மஞ்சள் பையில் சர்பத் பாட்டில் ஒன்றைக் கொண்டுவந்து கல்லூரி வாசலில் கொடுத்துவிட்டுப் போனார். உன் அம்மா பிடித்து அனுப்பிய கிணற்றுத் தண்ணீர். மேடத்திடம் அனுமதி வாங்கி, மதியம் லேப் காலியானதும் சோதித்தோம். குடுவையில் தண்ணீர், இரண்டு சொட்டு மஞ்சள் குரோமேட், மேலே பியூரெட் குழாயில் சில்வர் நைட்ரேட். செங்கல் நிறம் வந்ததும் நிறுத்த வேண்டும்; எவ்வளவு தாமதமோ அவ்வளவு உப்பு. வரவே இல்லை. பியூரெட் காலியாகி மறுபடி ஊற்றினோம். அதற்குப் பிறகும் நேரம் எடுத்தது. மூன்று தடவை செய்தும் அதே கதை. உன் முகத்தில் நான் பார்த்தது சந்தோஷமா, பயமா? "இதையா எங்கம்மா குடிக்குது" என்று மட்டும் சொன்னாய். மேடம் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்கள். என் பெயரும் உன் பெயரும் கீழே இருந்தன.

தாசில்தார் விசாரணைக்கு நாள் குறித்தார். அன்று காலைதான் நான் முதல்முதலாக உன் வீட்டுக்கு வந்தேன். உன் அம்மாவை எப்படிக் கூப்பிடுவது என்று தெருமுனையிலிருந்து யோசித்துக்கொண்டே வந்தேன். எங்கள் வீட்டில் எல்லோரும் அவரை 'வா, போ' என்றுதான் சொல்வார்கள். கடைசியில் எதுவும் சொல்லாமல் சிரித்து வைத்தேன்.

"வாங்க பாப்பா, உக்காருங்க" என்று பாயை உதறிப் போட்டார். நீ தெரு ஆட்களைக் கிளப்பப் போயிருந்தாய். ஒரு சொம்பு தண்ணீர் கொடுத்து, "பயப்படாமக் குடிங்க, இது கொழாத் தண்ணி. ஒரு மைலு நடந்து புடிச்சாந்தது" என்றார். குடித்தேன். பேச வேறு எதுவும் தோன்றாமல், பாட்டில் பத்திரமாக வந்து சேர்ந்தது என்றேன். அவருக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது.

"மண்ணெண்ண வாட அடிச்சுச்சு பாப்பா அந்தப் பாட்டிலு. காலேசுக்குப் போற சாமானாச்சே, அப்புடியே குடுக்கலாமா? ரெண்டு கை கல்லுப்பப் போட்டுக் குலுக்கு குலுக்குன்னு குலுக்கித்தான் ரொப்புனேன். தண்ணிதான் கெட்ட தண்ணி, பாட்டிலாச்சும் சுத்தமா இருக்கட்டுமேன்னு."

"அலசினீங்களா?" என்றேன்.

"அலச நல்ல தண்ணிக்கு எங்க போறது? அடியில கொஞ்சம் உப்பு ஒட்டிக் கெடந்துச்சு. கெடந்துட்டுப் போவுதுன்னு விட்டுட்டேன்."

அதற்குள் நீ வந்துவிட்டாய். புதுச் சேலை கட்டியிருந்தாய். தாலுகா ஆபீஸுக்கு இரண்டு மைல், எல்லோரோடும் நடந்தே போனோம். இரண்டு மைலும் என் தோளோடு தோளாகத்தான் நடந்தாய். சொல்லியிருக்கலாம். 'நில்லுடி, பாட்டில்ல உப்பு இருந்திருக்கு, இன்னொரு தடவை சோதிச்சுட்டு வருவோம்' என்று சொல்ல எத்தனை நேரம் ஆகும்? நீயே அந்தத் தாளைக் கிழித்திருப்பாய், அது எனக்கு நன்றாகத் தெரியும். பின்னே ஏன் சொல்லவில்லை? உன் அம்மாவைக் காட்டிக்கொடுக்க வேண்டாமென்றா? கூட வந்தவர்களின் ஆவேசத்தைப் பார்த்துப் பயந்தா? ஒவ்வொரு தடவை யோசிக்கும்போதும் ஒவ்வொரு பதில் வருகிறது.

தெரு ஆட்களை வெளியே வேப்பமரத்தடியில் நிறுத்திவிட்டார்கள். உள்ளே தாசில்தார், மேனேஜர், நிலம் கொடுத்தவர்கள் சார்பில் என் அப்பா, அப்புறம் நாம் இருவர். அப்பா என்னை அங்கே எதிர்பார்க்கவில்லை. பார்வையை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். தாசில்தார் நம் தாளைப் படித்துவிட்டு, "கடல் தண்ணி மாதிரில்ல இருக்கு! இதை எப்படிம்மா மனுஷன் குடிச்சான்? கணக்கு சரிதானா?" என்று பொதுவாகக் கேட்டார்.

"சரிதான் சார்" என்றாய் நீ.

"நீ என்னம்மா சொல்ற?"

நான் வாயைத் திறந்தேன். "பாட்டிலை உப்புப் போட்டுக் கழுவியிருக்காங்க சார். சரியா அலசலை. இந்த அளவை நம்ப முடியாது."

பொய் இல்லை. ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. மேடம் கேட்டிருந்தால் அதற்கு முழு மதிப்பெண் போட்டிருப்பார்கள். ஆனால் சொல்லி முடித்ததும் நான் யாரைப் பார்த்தேன் தெரியுமா? உன்னை இல்லை. அப்பாவை. அவர் மெல்லத் தலையசைத்தார். அந்தத் தலையசைப்புக்காகத்தான் சொன்னேனா? இல்லை, உண்மைக்காகச் சொன்னதற்கு அவர் தலையசைத்தாரா? நீ மேஜை விளிம்பைப் பிடித்தபடி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாய். மேனேஜர் சிரித்தே விட்டார். மனு தள்ளுபடி.

அப்புறம் நீ செய்தது இன்னும் புரியவில்லை. சண்டை போட்டிருக்க வேண்டாமா? நாலு வார்த்தை திட்டியிருக்க வேண்டாமா? அடுத்த வாரம் நீயே ஊருக்குப் போய், புது பாட்டிலைக் கிணற்று நீரிலேயே மூன்று தடவை அலசி, நிரப்பிக் கொண்டுவந்து, "பியூரெட்டைப் பிடிடி" என்று என் கையில் கொடுத்தாய். இந்தத் தடவை செங்கல் நிறம் சீக்கிரமாகவே வந்தது. அப்படியும் அது குடிக்கிற தண்ணீர் இல்லை. பழைய அளவு இல்லாவிட்டாலும் உன் பக்கம்தான் நியாயம். அந்தத் தாளைக் கொண்டுபோனபோது, "முதல்ல ஒண்ணு, இப்ப ஒண்ணா? விளையாடுறீங்களா?" என்று ஆபீஸில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். நல்ல தண்ணீர்க் குழாய் உங்கள் தெருவுக்கு வர அதற்கப்புறம் ஏழு வருஷம் ஆயிற்று. ஏழு வருஷம் உன் அம்மா குடத்தோடு நடந்தார்.

நீ தண்ணீர் பரிசோதனைக் கூடத்தில் வேலைக்குப் போனாய். நான் பேங்க் பரீட்சை எழுதிக்கொண்டு அந்தப் படிப்பை விட்டே ஓடிப்போனேன். போனில் பிள்ளைகள், மாமியார், முட்டி வலி எல்லாம் பேசினோம். அந்த அறையைப் பற்றி மட்டும் ஒரு சொல் கிடையாது. ஒரே ஒரு தடவை, நான் சுற்றி வளைத்து ஆரம்பித்தபோது, "விடுடி, கணக்கு தப்புன்னா தப்புதான்" என்று சொல்லிப் பேச்சை மாற்றிவிட்டாய். அது மன்னிப்பா, கோபமா என்று கேட்க எனக்குத் தைரியமில்லை.

பதினாறாம் நாள் காரியத்துக்கு வந்திருந்தேன். உன் அம்மா ரொம்பத் தளர்ந்துவிட்டார். "வாம்மா" என்று என் கையைப் பிடித்துப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டார். நீ அவரிடம் பாட்டிலைப் பற்றி எதுவுமே சொல்லவில்லை என்பது அங்கேதான் எனக்குத் தெரிந்தது.

"அன்னிக்கி ஆபீசு ரூமுக்குள்ள யாரோ எதையோ சொல்லித்தான் நம்ம மனுவக் கவுத்துட்டாங்கன்னு வந்து அழுதா. யாருடின்னு கேட்டேன். சாவுற வரைக்கும் வாயத் தொறக்கல. நீயும் உள்ளதானம்மா இருந்த? யாரும்மா அது?"

'நான்தாம்மா' என்ற சொல் நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. ஆனால் யார் சொன்னது என்றால் என்ன சொன்னது என்றும் வருமே. மகளைப் பறிகொடுத்த பதினாறாம் நாளில், மனுவைக் கவிழ்த்தது நீங்கள் பாட்டிலில் விட்ட உப்புதான் என்று அவரிடம் சொல்வதா? நீ இத்தனை வருஷம் மூடி வைத்ததை நான் திறப்பதா? அவருக்காகத்தான் சும்மா இருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டேன். நினைத்த மாத்திரத்திலேயே அதுவும் சந்தேகமாகிவிட்டது.

"ஞாபகம் இல்லைங்கம்மா" என்றேன்.

"ஆமா, எத்தன வருசமாச்சு" என்று என் கையைத் தட்டிக் கொடுத்தார். "நீ ஒருத்தியாச்சும் அவ பக்கம் நின்னியே. அது போதும்."

இல்லைங்கம்மா என்று நான் சொல்லவில்லை. அதை அப்படியே வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.