பச்சை ஒயர்

பொன்னேரி
4.11.74

அன்புள்ள உங்களுக்கு,

இல்லை. குப்பாயி அன்று தூரமாக இல்லை. அவளுக்கு அது நின்று வருடங்களாகின்றன. நம் நிலத்தில் கூலிக்கு வருகிற, ஐம்பதைத் தாண்டியவளிடம் போய் இதைக் கேட்டேன். நீங்கள் எழுதிக் கேட்டிருந்ததால் கேட்டேன்.

அத்தையிடம் சொன்னேன். "அப்போ வேற எவ தீட்டையாவது மிதிச்சிகினு வந்திருப்பா" என்றார். ஆக, ஷாக் அடித்ததற்குக் காரணம் எப்படியும் ஒரு பெண்ணின் உடம்புதான்.

மாமா உங்களுக்கு எழுதியது பாதிதான். ஆடியில் நீங்கள் கம்பெனியிலிருந்து சோதனைக்கென்று கொண்டுவந்த மின்கலப்பையை (இங்கே எல்லோருக்கும் அது 'கரண்ட் ஏரு') ஆயுத பூஜையன்று கிணற்றடிக்கு இழுத்துப்போய்க் குளிப்பாட்டினார். குடம் குடமாக. மாட்டைக் கழுவுவதுபோல. பிறகு மோட்டார்மேல் சந்தனம் அப்பினார். காற்றுப் போக வைத்திருக்கும் துளை ஒவ்வொன்றிலும் ஒரு குங்குமப் பொட்டு.

மறுநாள் விஜயதசமி. நல்ல நாள் என்று, கத்தரிக்கு விட்டிருந்த பாத்தியில் குப்பாயியை ஓட்டச் சொன்னார். ஈர மண். வெறுங்கால். கைப்பிடி அவளை விடவில்லை. பம்பு பார்க்கும் தேசப்பன் ஓடிப்போய் மெயினை அணைத்தான். அவள் உள்ளங்கை இன்னும் ஆறவில்லை. கருத்த தோல் உரிகிறது.

அவளை ஆஸ்பத்திரிக்கு அனுப்பவில்லை. மெஷினுக்குக் கற்பூரம் காட்டினார்கள். வருகிற வெள்ளிக்கிழமை குப்பாயி அதன் முன் தேங்காய் உடைத்து, விழுந்து மன்னிப்புக் கேட்க வேண்டுமாம். அதுவரை வேலை கிடையாது. அவள் ஒப்புக்கொண்டுவிட்டாள். "ஒரு கும்பிடு போட்டா இன்னாம்மா கொறைஞ்சிப் பூடும்? வேல வோணுமே" என்கிறாள்.

தீட்டுப்பட்ட மெஷினைப் பின்பக்கக் கொட்டகையில் தள்ளிவிட்டார்கள். முந்தாநாள் முதல் நானும் அங்கேதான், மாதாமாதம் உட்காருகிற காரணத்துக்காக. ஒரு தட்டு, ஒரு செம்பு, ஒரு கோணி, மின்கலப்பை. எங்கள் இருவரையும் ஒன்றாக வைக்கலாம் என்று தோன்றியிருக்கிறது.

செய்ய வேறு எதுவும் இல்லை. திறந்தேன். மூடியைக் கழற்றியதும் நாற்றம். சந்தனம் உள்ளே வழிந்து எண்ணெயோடு குழைந்து பூஞ்சை பிடித்திருந்தது. கத்திகளைச் சுற்றிக் கோரை வேர், சீப்பில் சிக்கிய மயிர் போல. துளைகளை ஈர்க்குச்சியால் குத்தி எடுத்தேன். மோட்டாரை இரண்டு பகல் வெயிலில் காயவைத்தேன். கார்பன் கட்டைகள் நன்றாகவே இருக்கின்றன. அவற்றை மாற்றச் சொல்லி நீங்கள் எழுதியிருந்தது வீண்.

பிறகு பிளக். கசிகிற மின்சாரத்தை மண்ணுக்குக் கொண்டுபோக வேண்டிய பச்சை ஒயர் அதற்குள் வரவே இல்லை. வெட்டப்பட்டிருக்கிறது. பிளேடால், சுத்தமாக.

யார் கை என்று எனக்குத் தெரியும். நம் சுவரில் இரண்டு துளை. கம்பெனி பிளக்கில் மூன்று கால். "இது சும்மா போற ஒயரு, இல்லாட்டியும் ஓடும்" என்று சிரித்துக்கொண்டே வெட்டி, இரண்டு கால் பிளக்கை மாட்டினீர்கள். ஓடத்தான் செய்தது.

வெட்டியவர் கேட்கிறார், குப்பாயி தூரமா என்று. பேனாவைக் கழுவ வேண்டும் போலிருக்கிறது.

அறுந்த பச்சை ஒயரை நீட்டி, பம்பு மோட்டாரின் எர்த் கம்பியோடு இறுக்கிச் சேர்த்துவிட்டேன். ஆனால் நான் சொன்னால் மாமா, "பி.எஸ்ஸி. வந்து கரண்ட்டு கத்துக் குடுக்குது பாரு" என்பார். உங்களை நம்புவார். வெள்ளிக்கு முன் ஒரு தந்தி கொடுங்கள். 'ஒயரை வெட்டியது நான், குப்பாயி காரணமில்லை' என்று. அவ்வளவு போதும்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஈரக் கையோடு எதையும் தொடாதீர்கள். நீங்கள் நல்லவர் என்று நான் இன்னும் சொல்லிக்கொள்ள வழி விடுங்கள்.

இப்படிக்கு,
சம்பூர்ணம்

கடிதத்தைத் தேசப்பனிடம் கொடுத்துத் தபால் பெட்டிக்கு அனுப்பினாள். மெஷினை வெளியே தள்ளிவந்து, பிளக்கைச் செருகி, கைப்பிடியில் டெஸ்டர் வைத்துக் கசிவு இருக்கிறதா என்று பார்த்தாள். அது எரியவில்லை. செருப்பைப் போட்டுக்கொண்டு, தலைக்குக் குளிக்காமலே, மாமனாரும் மாமியாரும் பார்க்கக் கத்தரிப் பாத்தி முழுவதையும் உழுதாள்.