மிதிபலகையில் நின்று போட்ட சத்தம்

செவ்வாய்க்கிழமை, இரவு

இன்று காலை பஸ்ஸில் கேட்ட அந்தக் குரல் என்னுடையதுதான்.

மூன்று மாதமாகக் கிளிநொச்சி பஸ் எங்கள் தரிப்பிடத்தில் நிற்பதே இல்லை. நிரம்பி வரும், கை காட்டினால் இன்னும் வேகமாகப் போகும். இதற்காக மனு எழுதி வீடு வீடாகக் கையெழுத்து வாங்கியது நான். முதல் கையெழுத்து பக்கத்து வீட்டு வசந்தியுடையது.

இன்றும் பிந்தினால் வேலை பார்க்கும் கந்தோரில் விளக்கம் கேட்பார்கள். அதனால் என் வீட்டுக்காரர் என்னை மோட்டார் சைக்கிளில், பஸ் நிற்கும் முந்தின சந்திக்குக் கொண்டுபோய் ஏற்றிவிட்டார். மிதிபலகையில் ஒற்றைக் காலில் தொங்கினேன்.

எங்கள் தரிப்பிடம் வந்தது. வசந்தி நின்றாள். இடுப்பில் காய்ச்சல்காரப் பிள்ளை, கையில் கிளினிக் கொப்பி. என்ன அதிசயமோ, சாரதி வேகத்தைக் குறைத்தார்.

"நிப்பாட்டாதேங்கோ அண்ணை! இடமில்லை, எங்களுக்கு நேரம் போகுது!"

கத்தியது நான். பஸ் பறந்தது. நடத்துனர் சிரித்தார்.

"இதைத்தானே அக்கா நாங்களும் சொல்லுறனாங்கள்."

வசந்தி பிள்ளையோடு கொஞ்சத் தூரம் பின்னால் ஓடி வந்தாள். என்னை அவள் காணவில்லை.

பின்னேரம் வேலியடியில் வந்து நின்றாள்.

"அக்கா, இண்டைக்கும் நிப்பாட்டேல்லை. நிப்பாட்டுற மாதிரி வந்திட்டு ஓடிட்டாங்கள். இதையும் மனுவிலை எழுதுங்கோ."

"ஓம், எழுதுறன்" என்றேன்.

மனு முன்னால் கிடக்கிறது. இன்றைய திகதி மட்டும் போட்டிருக்கிறேன்.