வாடகைக்கு இருப்பவர்

இலோய்லோ,
மார்ச் 9

அன்புள்ள ரஸ்ஸல்,

இடுப்பு அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு முதன்முறையாகத் தடி இல்லாமல் குளியலறை வரை நடந்தீர்கள் என்று படித்து மகிழ்ந்தேன். ஆனால் அதே கடிதத்தின் கடைசிப் பத்தியில், நான் உங்கள் நாட்டுக்கு வந்து உங்களோடு இருப்பதற்கான விசா விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றுக்கொள்வதாகவும், இனி வருஷத்துக்கு இரண்டு முறை நீங்களே இங்கே வந்து போவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். எழுபத்தொரு வயதில், அந்த இடுப்பை வைத்துக்கொண்டு! படித்த பிறகு மூன்று நாள் பேனாவைத் தொடவில்லை. இப்போதும் கோபம் போகவில்லை. கையெழுத்து மட்டும் கொஞ்சம் நேராகியிருக்கிறது.

போனில் பேசியிருக்கலாமே என்பீர்கள். போனில் நீங்கள் "விடு எர்லிண்டா" என்பீர்கள், நானும் விட்டுவிடுவேன். அதனால்தான் கடிதம்.

விசா அலுவலகம் அனுப்பிய தாளை நான்கு முறை படித்தேன். தம்பதியாக நாம் ஒரே வீட்டில் வாழ்ந்ததற்குச் சான்று போதாதாம். இருபத்தெட்டு நாள் அவகாசமாம். கணக்குக்கு விடையை மட்டும் எழுதி, வழியை எழுதாத பிள்ளைக்கு நான் பாதி மதிப்பெண்தான் போடுவேன். "விடை சரிதானே டீச்சர்" என்று அது மூக்கை உறிஞ்சும். இன்று அந்தப் பெஞ்சில் நான் உட்கார்ந்திருக்கிறேன்.

வழியை அழித்தவளும் நானேதான். இந்த நாட்டில் விவாகரத்து இல்லை. ரொமுலோ செபுவுக்குப் போய் இன்னொருத்தியோடு குடும்பம் நடத்தத் தொடங்கி இருபத்து மூன்று வருஷம் ஆகியும், சட்டத்தின் கண்ணுக்கு நான் அவர் மனைவி. உங்களுக்குத் தெரிந்த கதைதான். அந்த அதிகாரிக்கு எப்படி விளக்குவது என்று எனக்கே சொல்லிப் பார்க்கிறேன். அதனால்தான் நீங்கள் குடிவந்த அன்றே ஊர் அலுவலகத்துக்குப் போய், மாடி அறையில் வாடகைக்கு ஒருவர் இருக்கிறார் என்று பதிந்தேன். நாம் விண்ணப்பத்தோடு அனுப்பிய வசிப்பிடச் சான்றில் அதே வரிதான் இருக்கிறது. 'வாடகைக்கு இருப்பவர்.' முத்திரையோடு.

படங்களாவது உதவுமா என்று எடுத்துப் பார்த்தேன். நீங்கள் இங்கே இருந்த நாலு வருஷத் திருவிழாப் படங்கள். ஒவ்வொன்றிலும் நமக்கு நடுவே யாராவது நிற்கிறார்கள். நான்தான் கையைப் பிடித்து இழுத்து நிறுத்தினேன். மின் கட்டண ரசீது இன்றைக்கும் ரொமுலோ பெயரில்தான் வருகிறது. இதை எந்த அதிகாரி நம்புவார்?

திங்கட்கிழமை ஊர்த் தலைவர் எஃப்ரேனைப் பார்த்து, சான்றைத் திருத்தித் தரச் சொன்னேன். என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்தவன். எழுந்து நின்றுதான் பேசினான், ஆனாலும் மறுத்துவிட்டான். "டீச்சர், வாடகைக்கு இருக்கார்னு நீங்க சொன்னீங்க, நான் முத்திரை குத்தினேன். இப்ப புருஷன் மாதிரி இருந்தார்னு மாத்தினா ரெண்டு பேரும்ல மாட்டுவோம்? ரொமுலோ புகார் குடுத்தா உங்களைப் பிடிச்சு உள்ள வைக்கச் சட்டம் இருக்கு டீச்சர். என்னை அதுக்குச் சாட்சி ஆக்காதீங்க" என்றான். அவன் சொன்னதில் பொய் இல்லை. அதுதான் எனக்கு எரிச்சல். ஓடிப்போனவருக்குக் கேட்க உரிமை உண்டு. இருந்தவளுக்குச் சொல்ல உரிமை இல்லை.

நம்மை அறிந்தவர்கள் இரண்டு பேர் உறுதிமொழி தரலாம் என்று அந்தத் தாளில் ஒரு வரி இருந்தது. மீன் விற்கும் பெலெனிடம் தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொன்னேன். சிரித்து முடிக்கவே அவளுக்கு நேரம் பிடித்தது. "ஏன் டீச்சர், வாடகைக்கு இருக்கறவருக்கு முள்ளெடுத்துக் குடுக்கற வீட்டுக்காரியை இந்த ஊர்ல வேற எங்கயாவது பார்த்திருக்கீங்களா? எங்க எல்லாருக்கும் தெரியும். நீங்க சங்கடப்படுவீங்கன்னு வாயைத் திறக்கல" என்றாள். நாலு வருஷம் நான் ஊரிடம் மறைத்தேன் என்று நினைத்தேன். ஊர் என்னிடம் மறைத்திருக்கிறது. அவள் கையெழுத்துப் போட்டுவிட்டாள்.

இரண்டாவது ஆளைத் தேடி நான் போகவில்லை. பெலென் சொல்லியிருக்க வேண்டும், இன்னொருத்தி தானாகவே வந்தாள். நோர்மா! ரொமுலோவின் கூடப் பிறந்த தங்கை. கதவைத் திறந்ததும் அவள் கையில் போன் இருக்கிறதா என்றுதான் முதலில் பார்த்தேன். அவள் செபுவுக்கு ஒரு போன் போட்டால் போதும். உள்ளே வந்து உட்கார்ந்து, "எங்க கையெழுத்துப் போடணும், அண்ணி?" என்றாள். உன் அண்ணனுக்குத் தெரிந்தால் என்ன ஆகும் என்று கேட்டேன். "தெரியட்டும். கேஸ் போடட்டும். அங்க அவன் பெத்து வச்சிருக்கற மூணையும் நானே வரிசையா கோர்ட்டுல கொண்டு நிறுத்தறேன். விட்டுட்டுப் போனது அவன்தானே, நானா? ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை இந்த மேசையில உங்க ரெண்டு பேரோடயும் சாப்பிட்டவ நான். அதைத்தான் எழுதப் போறேன்" என்றாள். பக்கம் நிறைய எழுதினாள். எழுத்துப் பிழைகள் நிறைய. ஒன்றைக்கூட நான் திருத்தவில்லை.

என் வாக்குமூலத்தையும் எழுதிவிட்டேன். ஊர் அலுவலகத்தில் நான் சொன்னது பொய் என்று அதில் ஒப்புக்கொண்டிருக்கிறேன். விசா கிடைக்காமல் போனால், நானே எழுதிக்கொடுத்த குற்றத்தோடு இந்த ஊரில் தனியாக இருப்பேன். அது தெரிந்துதான் எழுதினேன். என்னைக் காப்பாற்றுவதாக நினைத்து நீங்கள் பின்வாங்க வேண்டாம். மருத்துவமனை வாசலில் உங்களை அழைத்துப்போக ஒரு டாக்சிக்காரர்தான் வந்தார் என்று எழுதியிருந்தீர்களே, அதை நான் எப்படிப் பொறுத்துக்கொள்வது என்று நினைத்தீர்கள்?

கெடு முடியப் பத்தொன்பது நாள் இருக்கிறது. மருந்தை வேளைக்குச் சாப்பிடுங்கள். மாடிப்படி ஏறாதீர்கள். நீங்கள் நன்றாக நடக்க வேண்டும் என்று தினமும் வேண்டிக்கொள்கிறேன்.

நாம் இருவரும் சேர்ந்து தர வேண்டிய உறுதிமொழித் தாளும் இந்த உறையில் இருக்கிறது. நான் முழுப் பெயரோடு கையெழுத்திட்டுவிட்டேன். பக்கத்தில் உங்களுக்கான இடம் காலியாக இருக்கிறது, ரஸ்ஸல்.

இப்படிக்கு,
உங்கள்
எர்லிண்டா